புடலைப் பந்தலுக்குக் கிடைத்த பாராட்டு: அடுக்குமாடித் தோட்டத்தில் எடுத்த ஒரு போட்டிப் படத்தின் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் பக்கத்தில் இருக்கும் சமூகத் தோட்டத்தில் எடுத்த படம், வெளிநாட்டில் நடக்கும் தோட்டப் புகைப்படப் போட்டி ஒன்றில் சிறப்புப் பாராட்டு பெற்றது. முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை. பரிசுத்தொகையும் கிடையாது. ஆனாலும் முந்திய ஆண்டு அதே ஆள் அதே போட்டிக்கு அனுப்பிய படங்கள் முதல் கட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. இடையில் என்ன மாறியது என்பதை, சமூக மன்றத்தில் கூடும் எங்கள் புகைப்பட வட்டத்தில் பலரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

படம் எடுத்தவரும் எங்கள் வட்டத்து உறுப்பினர்தான். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். யாருடைய பெயரையும், பேட்டையையும், புளோக் எண்ணையும் சொல்லவில்லை. போட்டியின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். மின்தூக்கிப் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை, பெரும்பாலும் இரவு முறை. கெமரா, பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கிய மிரர்லெஸ். அதோடு ஒரு 35 மி.மீ. லென்ஸ், ஒரு மேக்ரோ லென்ஸ். இங்குள்ள ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் வீட்டில் சின்ன ட்ரை கேபினட் வைத்திருக்கிறார். உபகரணம் அவ்வளவுதான்.

தோட்டப் படப் போட்டிகளில் உலக அளவில் பேர்பெற்றது, லண்டன் கியூ தாவரவியல் பூங்காவோடு இணைந்து நடக்கும் ‘இன்டர்நேஷனல் கார்டன் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்’. அதைப் போலத்தான் மற்றவையும் ஏறக்குறைய நடக்கின்றன. தாவரத்தின் அழகு, தோட்டக் காட்சி, தோட்டத்து உயிரினங்கள், மரங்கள், அருவக் காட்சி என்று பிரிவுகள் இருக்கும். காய்கறி விளைச்சலுக்கோ மக்களும் தோட்டமும் என்ற கருத்துக்கோ தனிப் பிரிவு வைப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடங்கள், அதற்குக் கீழே இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள், சிறப்புப் பாராட்டு, பாராட்டு என்று படிகள். முதலில் சிறிய ஜேபெக் கோப்பு அனுப்பினால் போதும். அடுத்த கட்டத்துக்குப் போனால் பெரிய கோப்பையும், கெமராவில் திருத்தம் எதுவும் இல்லாமல் பதிவான ரா கோப்பையும் கேட்பார்கள். படத்தில் இல்லாததைச் சேர்த்திருக்கிறோமா, இருந்ததை அழித்திருக்கிறோமா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

முதல் ஆண்டு

முதல் ஆண்டு அவர் அனுப்பியது எல்லாம் பூமலையும் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) கரையோரப் பூந்தோட்டங்களும்தான். இரவு வேலை முடிந்து நேரே போக வசதி. பூமலையை காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். அன்னப் பறவைக் குளத்தில் பனிமூட்டம், ஐந்து வெள்ளித் தாளின் பின்பக்கத்தில் இருக்கும் அந்தத் தெம்புசு மரம், தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் நெருக்கத்தில் எடுத்த வாண்டா மிஸ் ஜோக்கிம், அந்தி வானத்தில், கரையோரப் பூந்தோட்டங்களின் செயற்கை மரமான சூப்பர்ட்ரீ. எல்லாமே சுத்தமான படங்கள். எங்கள் கூட்டத்தில் காட்டியபோது கைதட்டினோம்.

ஒன்றுகூடத் தேறவில்லை. நடுவர்கள் காரணம் சொல்வதில்லை. ஆகவே இனி வருவது என் கணிப்பு. 1859இல் தொடங்கி, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட பூமலையைப் படம் எடுக்காத சுற்றுப்பயணி இல்லை. 2012இல் திறந்த சூப்பர்ட்ரீக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர் நின்ற இடத்தில் அவருக்கு முன்னால் பல்லாயிரம் பேர் நின்றிருக்கிறார்கள், பலர் அவரைவிட நல்ல வெளிச்சம் கிடைத்த நாளில். அந்த இடங்களில் நல்ல படமே எடுக்க முடியாது என்று சொல்லவில்லை. வேறு யாரும் பார்க்காததைப் பார்க்க அங்கே வருடக்கணக்கில் போய்க் கிடக்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு அது நடக்கிற காரியமா?

அவருக்கே இன்னொன்றும் தோன்றியது. அந்தப் படங்களில் ஒரு செடியைப் பற்றிக்கூட அவரால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்ல முடியவில்லை. விண்ணப்பத்தில் படக்குறிப்புக்கு இடம் விட்டிருந்தார்கள். அங்கே ‘காலை வெளிச்சத்தில் ஆர்க்கிட்’ என்று எழுதி முடித்துவிட்டார்.

தோட்டத்தில் கண்டது

அவர் குடியிருக்கும் புளோக்கை ஒட்டி, வேலி போட்ட ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தில் இப்படித் தீவு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் உண்டு. இந்தத் தோட்டத்தில் மலாய்க்காரர் ஒருவர் பொறுப்பாளர். அவரை எல்லாரும் பாக் சிக் (மலாயில் மாமா) என்று கூப்பிடுகிறார்கள். சீனக் குடும்பங்கள் சாய் சிம் கீரை போட்டிருக்கிறார்கள். மூலையில் பாண்டான், லெங்குவாஸ் (பேரரத்தை), கறிவேப்பிலை. வேலியோரத்தில் எழுபது தாண்டிய ஒரு தமிழ் அம்மா மூங்கில் கட்டிப் பந்தல் போட்டுப் புடலை ஏற்றியிருக்கிறார்.

வேலை முடிந்து அதிகாலையில் வரும்போது அந்த அம்மா பந்தலடியில் நிற்பதை இவர் பலமுறை பார்த்திருக்கிறார். இருட்டில் என்ன செய்கிறார் என்று ஒருநாள் போய்க் கேட்டார்.

“பூ தொட்டு விடுறேன் தம்பி. இங்க பூச்சி வர்றதில்ல, நாமதான் தொடணும்.”

புடலம்பூ சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் விரியும். வெள்ளை இதழ்களின் ஓரம் முழுக்க நூல் நூலாகப் பிரிந்து, சுருண்டு, லேஸ் பின்னியதுபோல் நிற்கும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காக விரிகிற பூ இது. விடிந்து வெயில் ஏறினால் அந்த நூலெல்லாம் உள்ளே சுருண்டு, ஈரத்துணிபோல் ஒட்டிக்கொள்ளும். பகலில் சந்தையிலிருந்து திரும்பும்போது பார்க்கிறவருக்கு அது வாடிய ஏதோ ஒன்று. ஆண்பூ கொத்துக் கொத்தாக வரும், பெண்பூ தனியாக வரும். பெண்பூவின் அடியில் விரல் நீளத்துக்கு, இன்னும் காயாகாத ஒரு குட்டிப் புடலங்காய் ஏற்கெனவே இருக்கும். அந்த அம்மா ஓர் ஆண்பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருப்பதைப் பெண்பூவில் ஒற்றி எடுப்பார். ஒரு பூவுக்கு மூன்று நொடி ஆகும். அப்புறம் அந்தக் காம்பில் ஒரு சின்ன நூல் கட்டுவார், எதைத் தொட்டோம் என்று தெரிய.

கொஞ்சம் வளர்ந்த காய்களின் நுனியில் கல் கட்டியிருந்தார். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான், காய் சுருளாமல் நேராகத் தொங்கும். வித்தியாசம் கயிற்றில். காப்பிக்கடையில் பொட்டலம் கட்டுகிற ரோஸ் நிற ராஃபியா. கல்லும் ஆற்றுக்கல் இல்லை. யாரோ வீட்டைப் புதுப்பித்தபோது வெளியே போட்ட தரை ஓட்டுத் துண்டு.

இவர் கெமராவை எடுத்தது அன்றைக்கு இல்லை. சில வாரம் வெறுமனே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை மணிக்குப் பூ சுருள ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பின்னால் புளோக் தெரிகிறது, நடைபாதை விளக்கு எப்போது அணைகிறது என்று கைப்பேசியில் குறித்து வைத்தார். இந்த ஆய்வில் மற்றவர்களுக்கு மிகவும் பயன்படுவது இந்தக் குறிப்புகள்தான் என்பது என் எண்ணம். எங்கள் வட்டத்தில் நாங்கள் இடத்தைத் தேடிப் போவோம், எடுப்போம், வந்துவிடுவோம். ஒரு செடியின் நேரத்துக்கு நம் நேரத்தை ஒட்ட வைத்தவர் அவர் ஒருவர்தான்.

படமாக்குவதில் வந்த சிக்கல்

முதலில் எடுத்தவை மேக்ரோ லென்ஸில், ஃபிளாஷ் போட்டு எடுத்த பூ மட்டும். பின்னணி கறுப்பு. பார்க்க நன்றாகவே இருந்தன, ஆனால் அந்தப் பூ சிங்கப்பூரில் பூத்ததா சேலத்தில் பூத்ததா என்று சொல்ல முடியாது. அவற்றை ஒதுக்கிவிட்டு, பந்தலும் பூவும் கல்லும் பின்னால் புளோக்கும் ஒரே படத்தில் வரவேண்டும் என்று முடிவுசெய்தார். காரணம் எளிமையானது: அவர் பார்த்தது பூவை மட்டுமல்லவே.

அதற்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். சிங்கப்பூரில் சூரியன் நேர்குத்தாக ஏறுவதால் விடியல் நீளாது. முதல் வெளிச்சம் தெரிந்து இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் சூரியனே வந்துவிடும். சூரிய உதயமும் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் இல்லை. நவம்பர் தொடக்கத்தில் 6.46 வாக்கில், பிப்ரவரியில் 7.16 வரை போகும். இவர் எடுத்த செப்டம்பரில் ஏழு மணியை ஒட்டி உதயம். அந்தப் புளோக்கின் தாழ்வார விளக்குகள் ஏழு மணிக்கு அணையும். ஆக வானம் நீலமாகவும், தாழ்வாரம் விளக்கோடும், பூ விரிந்தும் இருப்பது ஏறக்குறைய 6.35 முதல் 6.55 வரைதான்.

செப்டம்பர் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். விடியலுக்கு முன்னால் சுமத்ரா காற்று மழையோடு வந்து அடித்துவிட்டுப் போகும். அப்படி வந்த நாட்களில் பூ பிய்ந்துபோய்க் கிடக்கும். புகைமூட்டம் வந்த நாட்களில் வானம் சாம்பல். நல்ல நாளிலும் காற்று நின்றபாடில்லை. நூல் போன்ற இதழ்நுனி கொஞ்சம் அசைந்தாலும் மங்கிவிடும். முதலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100இல் நாலு நொடி திறந்து வைத்துப் பார்த்தார். பூ பஞ்சு மாதிரி வந்தது. பிறகு ஐஎஸ்ஓ 1600க்கு ஏற்றி, எஃப் 5.6 லென்ஸ் துளையில் கால் நொடிக்குக் கொண்டுவந்தார். படத்தில் கொஞ்சம் மணல், அதாவது பொடிப் புள்ளிகள், தெரியும், பரவாயில்லை என்று விட்டார். எங்களில் சிலர் அந்த மணலைச் சொல்லிக் குறைப்பட்டோம். அச்சில் அது கண்ணுக்கே தெரியவில்லை.

குளிரூட்டப்பட்ட வேனில் இருந்த கெமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்தால்தான் சரியாகும். அந்த அரை மணியை அவர் காப்பிக்கடையில் ஒரு கோப்பி ஓவோடு (பால் சேர்க்காத காப்பி) கழித்தார்.

வெளிச்சத்தின் நிறமும் தொல்லை. தாழ்வாரத்தில் வெள்ளை எல்இடி, நடைபாதையில் மஞ்சள், மேலே நீலம். வெள்ளைப்பூவில் மூன்றும் விழும். கெமராவின் தானியங்கி வெண்சமநிலையை நம்பினால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறம். ரா கோப்பாக எடுத்து, தாழ்வார விளக்கை அடிப்படையாக வைத்துச் சரிசெய்தார். பூவின் முன்பக்கம் இருட்டாக இருந்ததால், மீன் பெட்டியின் வெள்ளை மூடி ஒன்றில் கைவிளக்கை அடித்துத் திருப்பி, மெல்லிய வெளிச்சம் கொடுத்தார். அந்த மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பாக் சிக்.

ரோஸ் கயிறு

இந்த விவகாரத்தில் அதிகம் வாதம் நடந்தது அந்த ராஃபியாவைப் பற்றித்தான்.

படம் எடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் அந்த அம்மாவே, “தம்பி, இந்தக் கயித்த அவுத்துடவா? படத்துல அசிங்கமா இருக்குமே” என்று கேட்டார். “வேணாம்மா, அப்படியே இருக்கட்டும்” என்று இவர் தடுத்துவிட்டார். எங்கள் வட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டியபோது, பல போட்டிகளில் இடம்பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர், “அந்த ரோஸ் கலர் கண்ணை இழுக்குது. பூவைப் பார்க்கவே விடல. கணினியில எடுத்துடுங்க” என்றார். பாதிப்பேர் தலையாட்டினோம்.

மூத்தவர் சொன்ன கோளாறு உண்மைதான். அந்தப் படத்தில் கயிறு, வெளிறிய சுவருக்கு முன்னால் தன்னந்தனியாக நின்றது. பூவிலிருந்து பார்வையைப் பிடுங்கியது. அவர் சொன்ன தீர்வில்தான் பிரச்சினை. போட்டி விதிகளில் தூசிப்புள்ளி, வண்ணம், வெளிச்சம் திருத்தலாம். காட்சியில் இருந்த பொருளை நீக்கக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. ரா கோப்பைக் கேட்டால் அங்கேயே பிடிபடும்.

விதி அப்படி இல்லாவிட்டாலும் அழித்திருக்க மாட்டேன் என்றார் அவர். கயிற்றை எடுத்துவிட்டால் அந்தக் காய் அந்தரத்தில் ஏன் நேராக நிற்கிறது என்பதற்குக் காரணமே படத்தில் இருக்காது என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியென்று பட்டது.

ஆகவே கயிற்றை அங்கேயே வைத்துக்கொண்டு கெமராவை நகர்த்தினார். முக்காலியை ஒரு முழம் இடப்பக்கம் தள்ளி, முட்டி உயரத்துக்கு இறக்கினார். இப்போது கயிறு சுவருக்கு முன்னால் இல்லை, இருட்டான இலைக்கூட்டத்துக்கு முன்னால். மேலே பூவில் தொடங்கும் பார்வை காயோடு வழுக்கி இறங்கி, ரோஸ் கயிற்றில் நின்று, ஓட்டுத் துண்டில் முடிகிறது. முன்பு இடையூறாக இருந்த நிறம் இப்போது படத்தை முடித்துக் கொடுத்தது. மூத்த உறுப்பினருக்கு அந்தப் புதிய படத்தைக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது வேற படம்” என்றார். அதைத் தாண்டி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு மாணவி

நல்லபடியாக அமைந்த இரண்டு படங்கள் கையில் இருந்தன. ஒன்றில் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குனிந்து காலணி மாட்டிக்கொண்டிருக்கிறாள். மற்றதில் தாழ்வாரம் காலி, இரண்டாம் மாடியில் மட்டும் ஒரு சீனப் பெரியவர் கையை வீசி உடற்பயிற்சி செய்கிறார், அதுவும் நிழலாக.

மாணவி இருக்கும் படம்தான் மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விடியற்காலையில் ஒரு புளோக் விழிக்கிறது என்பதை அந்த ஒரு குனிவு சொல்லிவிடும்.

தனியார் இடம் இல்லையே, சட்டப்படி தடை ஏதும் இல்லையே என்று எங்களில் ஒருவர் சொன்னார். ஆனால் போட்டியின் நிபந்தனைகளில், அடையாளம் தெரியும் ஆட்கள் இருந்தால் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்றும், தேர்வாகும் படங்களை அமைப்பாளர்கள் விளம்பரத்துக்கும் கண்காட்சிக்கும் பயன்படுத்தலாம் என்றும் இருந்தது. இவர் மாணவியின் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டினார். முகம் தெரியவில்லை, சீருடை தெரிகிறது. எந்தப் பள்ளி, எந்தப் புளோக், எத்தனை மணிக்குத் தனியாகக் கிளம்புகிறாள் என்று மூன்றும் ஒரே படத்தில் இருக்கின்றன என்று தாயார் சொன்னார். வேண்டாம் என்றார். இவர் மறுபேச்சுப் பேசாமல் வந்துவிட்டார்.

இரண்டாம் மாடிப் பெரியவரிடமும் கேட்டார், நிழல்தான் என்றாலும். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தன் தொப்பை தெரியவில்லை என்று உறுதிசெய்துகொண்டு கையெழுத்துப் போட்டார். அந்தப் படம்தான் போட்டிக்குப் போனது.

பிரிவும் படக்குறிப்பும்

பூ நடுவில் இருப்பதால் ‘தாவரத்தின் அழகு’ பிரிவுக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் எல்லாரும் சொன்னோம். அந்தப் பிரிவுக்குத்தான் எல்லாப் போட்டியிலும் படங்கள் குவியும். நெருக்கப் படங்களில் கரைகண்டவர்கள் அங்கே இருப்பார்கள். காய்கறித் தோட்டங்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. அதற்கே அனுப்பினார். முந்திய ஆண்டுகளில் அந்தப் பிரிவில் தேர்வான படங்களைப் பார்த்தபோது மண், கருவி, கை, அறுவடை என்று வேலை தெரியும் படங்களாக இருந்தன. கல் கட்டிய காய்க்கு அங்கே இடம் இருக்கும் என்று கணித்தார்.

படக்குறிப்பை பாலிடெக்னிக்கில் படிக்கும் மகளோடு உட்கார்ந்து எழுதினார். முதல் வரைவில் மௌனம், விடியல், அற்புதம் என்று என்னென்னவோ இருந்தது. மகள் படித்துவிட்டு, “அப்பா, இதுல புடலங்காய்னே எங்கயும் இல்ல” என்றாளாம். இரண்டாவது வரைவில் செடியின் தாவரவியல் பெயர், பூ இரவில் விரிந்து காலையில் சுருளும் என்பது, பூச்சி குறைவால் கையால் மகரந்தம் தொடுவது, கல் எதற்கு, தோட்டம் பல குடும்பங்கள் சேர்ந்து பராமரிப்பது என்று நேராக எழுதினார்கள். உரிச்சொல் ஒன்றுகூட இல்லை. அந்த அம்மாவின் பெயரைப் போட அனுமதி கேட்டார். “என் பேரு எதுக்கு? தோட்டத்து ஆளுங்கன்னு போடுங்க” என்று சொல்லிவிட்டார்.

கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பினார். முந்திய ஆண்டு போல ஒரே மாதிரிப் படங்களாக அடுக்காமல், இதையும் வேறு பிரிவுகளுக்கு இரண்டையும் மட்டும்.

முடிவு

சில வாரம் கழித்து ரா கோப்பு கேட்டு மின்னஞ்சல் வந்தது. அது கண்காட்சியில் வைக்கும் படங்களுக்கான சோதனை என்று பிறகுதான் புரிந்தது. அனுப்பினார். பிறகு முடிவு வந்தது: சிறப்புப் பாராட்டு. மற்ற இரண்டும் தேறவில்லை. அவற்றில் ஒன்று பூமலையில் எடுத்த மரம்.

அறிவிப்போடு நடுவர் குறிப்பு என்று இரண்டு வரி இருந்தது. அதில் பூவைப் பற்றிப் பேச்சே இல்லை. காயின் நுனியில் கட்டிய எடையையும், பின்னால் இருக்கும் வீடுகளையும் பற்றித்தான் எழுதியிருந்தார்கள்.

மாணவி இருந்த படத்தை அனுப்பியிருந்தால் இன்னும் மேலே போயிருக்குமா? போயிருக்கலாம் என்றே நினைக்கிறேன். அவரிடம் கேட்டபோது, தினம் மின்தூக்கியில் அந்தத் தாயாரைப் பார்க்கிறேனே என்று மட்டும் சொன்னார்.

பிறகு நடந்தவை

அச்சிட்ட படத்தை எடுத்துப்போய் அந்த அம்மாவிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னது: “இந்தக் காய அன்னைக்கே பறிச்சிருக்கணும் தம்பி, முத்திப் போச்சு.” ஆனாலும் அதை வீட்டில் மாட்டியிருக்கிறார், சாமி மேடைக்கு எதிர்ச்சுவரில்.

வசிப்போர் குழு கீழ்த்தளத்தில் ஒரு பலகையில் படத்தை வைத்தது. அதோடு தோட்டம் இருக்கும் இடத்தையும் எழுதிப் போட்டார்கள். சமூக ஊடகத்திலும் பகிர்ந்தார்கள். இரண்டு வாரத்தில் வேறு பேட்டைகளிலிருந்து ஆட்கள் கெமராவோடு வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலோர் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஆனால் ஒரு நாள் காலை, விதைக்காக விட்டிருந்த காய் காணவில்லை. புடலங்காய் பழுத்தால் சிவப்பாகும். அதைப் பிளந்து விதை எடுத்துச் செய்தித்தாளில் உலர்த்தி அடுத்த போகத்துக்கு வைப்பது அந்த அம்மாவின் வழக்கம். அந்த விதையும் சேர்ந்து போயிற்று. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. சமூகத் தோட்டங்களில் காய் திருட்டு புதிய செய்தியும் இல்லை. பாக் சிக் இடத்தின் பெயரைப் பலகையிலிருந்து நீக்கச் சொன்னார், நீக்கினார்கள். அந்த அம்மா லிட்டில் இந்தியாவின் தேக்காவில் புது விதை வாங்கிப் போட்டார். பழைய காயின் நீளம் இதில் வரவில்லை என்பது அவர் குறை.

இன்னொன்றும் நடந்தது. படத்தைப் பெரிதாகப் பார்த்த யாரோ, பந்தல் மூங்கிலின் மேல்முனை திறந்திருப்பதைக் கவனித்தார்கள். மூங்கில் பொந்தில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கிப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. மறுநாளே எல்லா முனைகளையும் மண் வைத்து அடைத்தார்கள். போட்டிப் படத்தால் தோட்டத்துக்குக் கிடைத்த உருப்படியான பலன் அதுதான் என்று பாக் சிக் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அடுத்த முறைக்கு

படம் எடுத்தவரோடு பேசியதிலும், வட்டத்தில் நடந்த பேச்சிலும் சில மாற்றங்களை முடிவுசெய்தோம்.

அனுமதி கேட்பதை எடுத்த பிறகு வைத்துக்கொள்ளக் கூடாது. முன்கூட்டியே தாழ்வாரத்துக் குடும்பங்களிடம் சொல்லியிருந்தால், சீருடை இல்லாத விடுமுறை நாளில் அதே மாணவி சம்மதத்தோடு நின்றிருக்கக்கூடும். தாயாரே பின்னால் அப்படிச் சொன்னார். ஆனால் அதற்குள் அந்தப் பூப்பருவம் முடிந்திருந்தது.

படம் நிலைவாக்கில் மட்டுமே எடுக்கப்பட்டிருந்தது. கண்காட்சிப் பலகைக்கும் நாட்காட்டிக்கும் படுக்கைவாக்கில் இருக்கிறதா என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள், இல்லை. இனி இரண்டு வாக்கிலும் எடுப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறார். ரா கோப்பு ஒரே ஒரு வன்தட்டில் இருந்தது என்பதும் ரா கேட்ட அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. இப்போது இரண்டு இடத்தில் வைக்கிறார்.

இடத்தின் பெயரை வெளியிடுவது தோட்டக்காரர்களின் முடிவு. படம் எடுத்தவரோ குழுவோ தாமாகப் போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டோம். குறிப்பில் ஊர் மட்டும் இருந்தாலே போட்டிக்குப் போதும்.

இறுதியாக ஒரு சின்ன ஏற்பாடு. எங்கள் வட்டத்துக்கென்று ஒரு பக்கத்தில் அனுமதிப் படிவம் தயாரித்திருக்கிறோம், ஆங்கிலத்திலும் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும். படம் எங்கெங்கே போகலாம், அமைப்பாளர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், பின்னால் வேண்டாமென்றால் யாரிடம் சொல்வது என்ற மூன்று விஷயங்கள்தான் அதில். மலாய்ப் பகுதியைப் பாக் சிக் எழுதினார். சீனப் பகுதியை இரண்டாம் மாடிப் பெரியவர் திருத்திக் கொடுத்தார்.